தெரிந்த பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும்

பதினாலு வருஷம் ஆரக்கிள் டேட்டாபேஸில் குப்பை கொட்டிவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் வந்தவன் நான். வந்த முதல் மாதமே, சோழிங்கநல்லூரில் ஒரு கான்ஃபரன்ஸ் ரூமில், கிளையன்ட் காலில், பத்துப் பேர் காதுபட ஒரு பொய் சொன்னேன். பொய் என்று தெரியாமலே சொன்னதுதான் கொடுமை.

ஒரு ரிப்போர்ட் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று புகார். டேட்டாபேஸ் எந்த வழியில் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளைனைப் போட்டுப் பார்த்தேன். 'பிட்மேப் ஹீப் ஸ்கேன்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பிட்மேப் இண்டெக்ஸ் ஸ்கேன்'. (இண்டெக்ஸ் என்பது டேபிள் முழுக்கப் புரட்டாமல் வேண்டியதை எடுக்க உதவும் அடைவு.) அப்பாடா, அசலூரில் நம்மாள் ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்று நிம்மதி. "இந்த ஃபீல்டில் பிட்மேப் இண்டெக்ஸ் போட்டிருக்கிறார்கள். டேபிளில் ஓயாமல் அப்டேட் நடக்கிறது. அதனால்தான் லாக் விழுகிறது. டிராப் பண்ணிவிடலாம்" என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். கால் முடிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், திருநெல்வேலிப் பக்கம், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்தான் இருக்கும், குரலைத் தணித்துக் கேட்டாள். "அண்ணா, போஸ்ட்கிரெஸ்ல பிட்மேப் இண்டெக்ஸ்னு ஒண்ணு கிடையாதே. எதை டிராப் பண்ணப் போறோம்?"

கிடையாதுதான். ஆரக்கிளில் பிட்மேப் இண்டெக்ஸ் என்பது டிஸ்க்கில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் பொருள். ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றும் பூஜ்யமுமாக நீளமான ஒரு சரம். ஒரே ஒரு ரெக்கார்டை மாற்றினாலும், அந்தச் சரத்துண்டில் அடங்கிய மற்ற ரெக்கார்டுகளுக்கும் சேர்த்துப் பூட்டு விழும். போஸ்ட்கிரெஸில் நான் பார்த்தது வேறு சங்கதி. மதிப்புகளை வரிசைப்படி அடுக்கிவைக்கும் சாதாரண இண்டெக்ஸான பி-ட்ரீயைத்தான் அது படிக்கிறது. வேண்டிய ரெக்கார்டு எந்தெந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று மெமரியில் ஒரு குறிப்பு எடுத்துக்கொள்கிறது, டேபிளைப் பக்க வரிசையில் ஒரே போக்காகப் படிக்கிறது, க்வெரி முடிந்ததும் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. மளிகைக் கடைக்குப் போகும்முன் எழுதிக்கொள்கிற துண்டுச்சீட்டு மாதிரி. அந்தத் துண்டுச்சீட்டைச் சொத்துப் பத்திரம் என்று நினைத்து நான் வழக்காடியிருக்கிறேன்.

டேட்டாபேஸ் மாறுகிறவர்களுக்கு எல்லோரும் சொல்கிற புத்திமதி ஒன்று உண்டு: "அங்கே ஜின், ஜிஸ்ட், பிரின் என்று என்னென்னவோ இண்டெக்ஸ் வகை இருக்கும், முதலில் அதைப் படி." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஜின் என்ற பேரைக் கேட்டதுமே, நமக்கு இது தெரியாது என்பது நமக்கே தெரிந்துவிடும். மரியாதையாக மேனுவலைப் பிரிப்போம். பிட்மேப், கிளஸ்டர், ஹாஷ் என்று காதில் விழும்போதுதான் "நமக்குத் தெரிஞ்சதுதானே" என்று மூளை காலை நீட்டிப் படுத்துவிடும். நான் வாங்கிய அடியில் முக்கால்வாசி தெரிந்த பேர்களிடம் வாங்கியதுதான்.

கிளஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் வளர்ந்தவருக்குக் கிளஸ்டர்டு இண்டெக்ஸ் என்றால் டேபிளே அந்தச் சாவி (இண்டெக்ஸ் போட்ட ஃபீல்டு) வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு ரெக்கார்டையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீயை வைத்தால், வேறுமாதிரி சொல்லாதவரை, அதுவே கிளஸ்டர்டு. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் உங்களைக் கேட்கவே கேட்காது. பிரைமரி கீதான் டேபிள், மற்ற இண்டெக்ஸ் எல்லாம் அந்தக் கீயை ஒரு பிரதி தன்னோடு தூக்கிக்கொண்டு திரியும். (பிரைமரி கீயில் யூயூஐடி என்ற நீளமான அடையாள எண்ணை வைத்துவிட்டு "இண்டெக்ஸ் ஏன் இவ்வளவு பெருத்துப் போச்சு" என்று கேட்பவர்களுக்குப் பதில் இந்த வரியிலேயே இருக்கிறது.) ஆரக்கிளில் கிளஸ்டர் என்றால் இரண்டு மூன்று டேபிள்களின் சம்பந்தப்பட்ட ரெக்கார்டுகளை ஒரே பிளாக்கில் குடிவைப்பது. எஸ்கியூஎல் சர்வர்காரர் சொல்லும் கிளஸ்டர்டுக்கு அங்கே பேர் இண்டெக்ஸ்-ஆர்கனைஸ்டு டேபிள். போஸ்ட்கிரெஸில் கிளஸ்டர் என்பது ஒரு கட்டளை. ஒரு தடவை அடுக்கும், அதோடு சரி. மறுநாள் வருகிற ரெக்கார்டுகள் இஷ்டப்பட்ட இடத்தில் போய் உட்காரும். அடுக்கி முடிக்கும்வரை அந்த டேபிளை ஒருவரும் படிக்கக்கூட முடியாது. இதைத் தெரியாமல் பட்டப்பகலில் ஓட்டிய ஒரு நண்பர் இருக்கிறார். அவர் லீவில் போய்விட்டார் என்று அன்று மாலை சொன்னார்கள். போதாக்குறைக்கு, ஒரு சர்வரில் இருக்கும் மொத்த டேட்டாபேஸ் கூட்டத்துக்கும் போஸ்ட்கிரெஸ் வைத்திருக்கும் பேர் டேட்டாபேஸ் கிளஸ்டர்.

ஹாஷ் கதையும் அப்படித்தான். போஸ்ட்கிரெஸில் 2017-ல் பதிப்பு 10 வரும்வரை ஹாஷ் இண்டெக்ஸில் ('இதற்குச் சமமா' என்று மட்டும் தேடும் வகை) நடக்கும் மாற்றங்கள், வால் (WAL) என்ற மாற்றப் பதிவேட்டில் ஏறாது. சர்வர் விழுந்து எழுந்தால் அந்த இண்டெக்ஸை நம்ப முடியாது. அந்தப் பழைய எச்சரிக்கையை இன்னும் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. இன்னோடிபியில் 'ஹாஷ்' என்று எழுதிக் கொடுத்தால் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு, எரர் எதுவும் காட்டாமல் பி-ட்ரீயைக் கட்டிக் கொடுத்துவிடும்.

சரி, பி-ட்ரீயாவது எல்லா ஊரிலும் ஒன்றுதானே? 1970-ல் போயிங் ஆய்வுக்கூடத்தில் பேயரும் மெக்ரைட்டும் போட்ட அடித்தளம் ஐம்பது வருஷம் தாண்டி அப்படியே நிற்கிறது. அந்த 'பி' எதைக் குறிக்கிறது என்று அவர்கள் அடித்துச் சொன்னதில்லை. இந்தப் பி-ட்ரீயிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பேர் நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத காலி இடம்.

ஆரக்கிளில் சாவி முழுக்க 'நல்' ஆக இருந்தால் அந்த ரெக்கார்டு பி-ட்ரீயில் ஏறவே ஏறாது. டெலிவரி தேதி இல்லாத ஆர்டர்களைத் தேட வேண்டுமா? ஃபீல்டோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து இரண்டு பகுதி இண்டெக்ஸாகப் போடுவோம். பூஜ்யம் நல் இல்லையே, ரெக்கார்டு ஏறிவிடும். இந்த வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியரை மனசுக்குள் இன்னும் கும்பிடுகிறேன். போஸ்ட்கிரெஸில் நல்லும் இண்டெக்ஸில் ஏறும், தேடவும் செய்யும். ஆனால் மைக்ரேஷன் டூலுக்கு அது எங்கே தெரியும்? எங்கள் பூஜ்யங்களை எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. இரண்டு வருஷம் ஒருத்தரும் கேட்கவில்லை. கிணறு இருந்த வீட்டை விற்றுவிட்டு, ராட்டினத்தை மட்டும் கழற்றி அபார்ட்மென்ட் பால்கனியில் மாட்டிவைத்த மாதிரி. "இண்டெக்ஸ் எண்ணிக்கை இரண்டு பக்கமும் சமம்" என்று பச்சை நிறத்தில் ஒரு எக்செல் ஷீட் வேறு, மேலதிகாரிகளுக்கு. அதைத் தயாரித்தவனும் நான்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். வேளச்சேரியிலும் தி. நகரிலும் மாடிக்கு மாடி கோர்ஸ் நடத்துகிறார்கள். "இண்டெக்ஸ் வகைகள் எத்தனை, அவை யாவை?" என்று மனப்பாடச் செய்யுள் மாதிரி ஒப்பிக்க வைக்கிறார்கள். ஆண், பெண் என்று இரண்டே மதிப்பு இருக்கும் ஃபீல்டா, பிட்மேப் போடு. எல்லா நோட்டிலும் இதே உதாரணம். பலபேர் ஒரே நேரத்தில் எழுதுகிற டேபிளில் அதைப் போட்டால் ஒருவரை ஒருவர் பூட்டிக்கொண்டு நிற்பார்கள் என்ற வரி மட்டும் எந்த நோட்டிலும் இல்லை. இன்டர்வியூவிலும் அதே கேள்விதான் வரும். நானே ஆள் எடுக்கும்போது அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு க்வெரியைக் கொடுத்து, "இது என்ன கேட்கிறது?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வியைப் பிடித்துக்கொண்டால் ஜின்னெல்லாம் ஒரு பூதமே இல்லை. சங்க இலக்கியப் பதிப்பு ஏதாவது வீட்டில் இருந்தால் கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று ஒன்று இருக்கும். பாட்டு எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்தால் போதும், அகரவரிசையில் போய்ப் பிடித்துவிடலாம். அதுதான் பி-ட்ரீ. பாட்டு நடுவில் வருகிற ஒரே ஒரு சொல்தான் ஞாபகம் இருக்கிறது என்றால் அந்த அகராதி உதவாது. அதற்குச் சொல்லடைவு வேண்டும்: ஒவ்வொரு சொல்லும், அது வருகிற பாட்டு எண்கள் எல்லாமும். அதுதான் ஜின். ஜேசன்பி என்ற உள்ளடுக்குத் தகவலோ, அரே என்ற பட்டியலோ, நீளமான உரையோ, ஒரு ரெக்கார்டுக்குள் பல துண்டு இருந்து அதில் ஒரு துண்டைத் தேடுவதென்றால் சொல்லடைவுதான் வழி. சொல்லடைவு தயாரிப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று தமிழ் எம்.ஏ. படித்த யாரையாவது கேளுங்கள். ஜின்னும் அப்படியே. தேடும்போது பறக்கும், எழுதும்போது வட்டியோடு வசூலிக்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கே ஒரு சந்தோஷம். வீரமாமுனிவர் 1732-ல் சதுரகராதி செய்தாரே, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. ஒரே மொழி, தேடிவருகிற ஆள் என்ன கேட்டு வருகிறார் என்பதை வைத்து நாலு வாசல். தொடை என்பது செய்யுள் கட்டுகிறவர் எதுகைக்குச் சொல் தேடும் வாசல். முதல் எழுத்தை விட்டுவிட்டு இரண்டாம் எழுத்தில் தேடுவது. நம் பாஷையில் ஃபங்க்ஷன் இண்டெக்ஸ்: மதிப்பை அப்படியே அடுக்காமல், அதிலிருந்து கணக்கிட்டு எடுத்ததை அடுக்குவது.

பிரின்னில் நாங்கள் நன்றாகவே சூடுபட்டோம். 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. பி-ட்ரீ மாதிரி ஒவ்வொரு ரெக்கார்டையும் குறித்துவைக்காது. எட்டு கேபி பக்கங்கள் 128 சேர்ந்தால் ஒரு எம்பி. அந்த ஒரு எம்பிக்குள் இருக்கும் மிகச் சின்ன மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, இரண்டை மட்டும் எழுதிவைக்கும். 100 ஜிபி டேபிளுக்கு ஒரு லட்சத்துச் சொச்சம் குறிப்பில் வேலை முடிந்தது. தெருமுனையில் 'கதவு எண் 1 முதல் 40 வரை' என்று பலகை வைப்பது மாதிரி. 75 வேண்டுமா, இந்தத் தெருவுக்குள் நுழையாதே.

தேதிவாரியாக வந்து விழும் லாக் டேபிளுக்குப் போட்டோம். அற்புதமாக ஓடியது. ஆறு மாதம் கழித்து யாரோ ஒரு பேட்ச் ஜாப் எழுதினார்கள். பழைய ரெக்கார்டுகளில் 'ஆர்க்கைவ் ஆனது' என்று ஒரு குறியை மாற்றும், அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் இருந்த இடத்தில் அழித்து எழுதுவது கிடையாது. புதுப் பிரதி எழுதும். அதே பக்கத்தில் இடம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் எங்கே காலியோ அங்கே. ஜனவரி ரெக்கார்டுகள் ஜூலைப் பக்கங்களுக்குக் குடிபோயின. அப்புறம் நம்ம மாம்பலம் தெருதான். ஒரு வீட்டில் பழைய எண் 14, புதிய எண் 31. எதிர்வீட்டில் பழைய எண் மட்டும். அடுத்த வீட்டில் எண்ணே இல்லை, முருகன் துணை. ஆட்டோக்காரர் கேட்டுக்குக் கேட் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கிறார். பிரின்னும் அதைத்தான் செய்தது. இண்டெக்ஸ் உடையவில்லை, தப்பான பதிலும் தரவில்லை, எரர் மெசேஜும் கிடையாது. சும்மா எல்லாவற்றையும் படித்தது. போஸ்ட்கிரெஸின் புள்ளிவிவரப் பட்டியலான பிஜி_ஸ்டாட்ஸில் கோரிலேஷன் என்று ஒரு எண் இருக்கிறது. ஒன்றுக்கு அருகில் இருந்தால் தெரு ஒழுங்காக இருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் மாம்பலம். பிரின் போடும் முன்னாலும், போட்ட பிறகு அவ்வப்போதும் அதைப் பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

ஜிஸ்ட்டுக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆவணி மாசக் கல்யாண மண்டபம். ஒருவர் வியாழன் மாலையிலிருந்து வெள்ளி மதியம் வரை புக் பண்ணியிருக்கிறார், இன்னொருவர் வெள்ளிக் காலையிலிருந்து கேட்கிறார். தொடக்க நேரம் வேறு வேறு, ஆகவே ஒரே மதிப்பு இரண்டு தடவை வருவதை மட்டும் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் இரண்டையும் அனுமதித்துவிடும். இரண்டு மாப்பிள்ளை அழைப்பும் ஒரே வாசலில் மோதும். நேர இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்ற கேள்விக்கு ஜிஸ்ட் பதில் சொல்லும். 2010-ல் 9.0 பதிப்பிலிருந்து எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் என்று அதைச் சட்டமாகவே போட்டுவிடலாம். மண்டப எண்ணையும் அதே சட்டத்தில் சேர்க்க பிட்ரீ_ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஆரக்கிளில் இதற்கு நாங்கள் எழுதிய டிரிகரின் (ரெக்கார்டு மாறும்போது தானாக ஓடும் நிரல்) நீளத்தை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் புது ப்ராஜெக்ட். இந்த முறை எஸ்கியூஎல் சர்வர். டீக்கடையில் நின்றுகொண்டு, அதே திருநெல்வேலிப் பெண்ணும் நானும் கிளையன்ட் அனுப்பிய ஸ்கீமாவைப் போனில் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரிய டேபிள் எல்லாவற்றிலும் 'கிளஸ்டர்டு காலம்ஸ்டோர் இண்டெக்ஸ்' என்று இருந்தது. எனக்குக் கை பரபரத்தது, வாய் திறக்கவில்லை. முதலில் படித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு நாள் வாங்கிக்கொண்டேன். காலம்ஸ்டோர் என்றால் ரெக்கார்டு ரெக்கார்டாக இல்லாமல் ஃபீல்டு ஃபீல்டாகச் சேமிப்பதாம். 2012-ல் அது வந்தபோது அதைப் போட்ட டேபிளில் எழுதவே முடியாதாம். எழுதக்கூடிய கிளஸ்டர்டு வகை 2014-ல்தான் வந்திருக்கிறது.

மறுபடி அதே டீக்கடை. அவள் கேட்டாள். "அண்ணா, எஸ்கியூஎல் சர்வர்லயாவது கிளஸ்டர்டுன்னா ரெக்கார்டு எல்லாம் வரிசையாத்தானே இருக்கும்?"

"பழைய கிளஸ்டர்டுல இருக்கும்மா. இந்தக் கிளஸ்டர்டுல டேபிளையே இப்படித்தான் வெச்சிருக்கோம்னு மட்டும்தான் அர்த்தம். தானா வரிசையில அடுக்காது."

"ஒரே டேட்டாபேஸுக்குள்ளயேவா?"

கடைக்காரரிடம் இன்னும் ரெண்டு டீ சொன்னேன்.