தேர்வு பாடத்திட்டத்துக்கு, உங்களுக்கு இல்லை

துறைக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிரியல் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்க்கலாம் என்று நான் கொண்டுபோன அந்தப் பத்துக் கேள்வித் தாளைப் பற்றித்தான். "இது ஆசிரியர்களை அசிங்கப்படுத்தும் வேலை" என்று சொல்லி, படித்துக்கூடப் பார்க்காமல் மேசையில் கவிழ்த்து வைத்தார்கள். இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை.

நான் கேட்டது இவ்வளவுதான். உயிரியல் பாடத்திட்டத்தை மாற்றப்போகிறோம், சரி. அதற்கு முன்னால் பிள்ளைகளிடம் அடிப்படை எவ்வளவு தங்கியிருக்கிறது என்று சேர்ந்து ஒருமுறை பார்ப்போம். முதலாண்டுக்கும் இறுதியாண்டுக்கும் அதே கேள்விகள். மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது, யாருடைய வகுப்பு என்றும் பிரிக்க மாட்டோம். தேர்வு பாடத்திட்டத்துக்கு, உங்களுக்கு இல்லை.

இப்போது பாடத்திட்டத்தை எப்படி எழுதுகிறோம்? ஆளுக்கு இரண்டு அலகு எடுத்துக்கொண்டு தனித்தனியாக எழுதி, கடைசியில் ஒட்டுகிறோம். மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் இரண்டாகப் பிரிவது, செல் உயிரியலிலும் வருகிறது, மரபியலிலும் வருகிறது, வளர்ச்சி உயிரியலிலும் வருகிறது. மூன்று பேரும் முதலிலிருந்து நடத்துகிறோம். ஒரு வரைபடத்தைப் பார்த்து அது என்ன சொல்கிறது என்று யோசிக்க யார் பழக்குவது? அடுத்தவர் செய்திருப்பார் என்று எல்லோருமே விட்டுவிடுகிறோம்.

நானும் இதில் சேர்த்திதான். பல வருஷம் ஒளிச்சேர்க்கை நடத்தியிருக்கிறேன். செடி கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக மாற்றும் படிகளை, அதாவது கால்வின் சுழற்சியை, படத்தோடு பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவி ஒருத்தி. அவள் கையில் ஒரு விறகுக் கட்டையைக் கொடுத்து, "இந்தக் கனம் எங்கிருந்தும்மா வந்தது?" என்று கேட்டேன். கட்டையை ஏந்திப் பார்த்துவிட்டு, "மண்ணிலேருந்து மேடம்" என்றாள். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் மரம் உடம்பைக் கட்டுகிறது என்று எனக்கே விடைத்தாளில் எழுதிக் கொடுத்தவள் அவள்.

வான் ஹெல்மான்ட் என்ற அந்தக் கால விஞ்ஞானி தொட்டியில் வில்லோ கன்றை நட்டு ஐந்தாண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 75 கிலோ கூடியது, மண்ணின் எடை குறைந்ததோ வெறும் 60 கிராம் போல. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டியது தவறு. ஆனால் மண்ணிலிருந்து வரவில்லை என்பது 1648-லேயே அச்சில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடம் நடத்தியது நான்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். முடித்தது யாருக்கு? 2014-ல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள், பேசவும் செய்து பார்க்கவும் வைத்த வகுப்புகளைவிட ஒன்றரை மடங்கு. பத்துக் கேள்விக்கு அரை மணி நேரம் போதும். அது இல்லையென்றால் வேறு எதற்கு நேரம் வைத்திருக்கிறோம்?

தாளில் பெயர் இல்லாவிட்டாலும் நாளை நிர்வாகம் இதை எங்கள்மேல் திருப்பும் என்று ஒருவர் பயந்தார். அந்தப் பயம் நியாயம். முடிவுகள் துறையை விட்டு வெளியே போகாது என்று எழுதியே வைத்துக்கொள்வோம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

ஆனால் "வருகிற பிள்ளைகளே மக்கு, பாடத்திட்டம் என்ன செய்யும்" என்று சொன்னீர்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மண் இல்லை, காற்று என்று தெரிந்துகொண்ட மறுநாள், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த மக்குப் பெண் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். "அப்போ நான் எழுதினது எல்லாம் என்ன மேடம்? முழு மார்க் போட்டீங்களே?" என்று கேட்டாள்.