பாதையைச் சரி செய்தீர்கள், ஓடை?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரில் காட்டுப் பாதையைச் செப்பனிடுகிறோம் என்று கரையை வெட்டி, சரளை கொட்டி, ஓர வாய்க்காலைத் தூர்வாரினார்கள். ஒரு மழைதான். ஓடை தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறமாகிவிட்டது. "ரெண்டு விரல் மீனுக்கா இத்தனை கூப்பாடு?" என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை.

ஆமாம், அந்த மீனுக்குத்தான். இந்தத் தீவின் சொந்த நன்னீர் மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி 'நீ சூன்' என்ற சதுப்புக் காட்டில் இருக்கின்றன. லோங்காங்கில், அதாவது தெரு வடிகாலில், நாம் பிடித்த கப்பி மீன் வெளியிலிருந்து வந்தது, எந்த அழுக்கிலும் பிழைக்கும். காட்டு மீன் அப்படியில்லை. வாய்க்கால் விழும் இடத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு வந்தேன். காலையில் அடியில் சுண்டுவிரல் தடிமனுக்கு மஞ்சள் மண். ஓடையிலும் இப்படித்தான் படியும். மீன் முட்டை அதற்கடியில் மூச்சடைத்துப் போகும்.

"பாதை வேண்டாமா?" வேண்டும். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? மண்ணைத் தொடும் முன் தடுப்பைப் போடுங்கள் என்கிறேன். வடிகாலில் விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மண் மிதக்கக் கூடாது என்பது நம் தேசியத் தண்ணீர் அமைப்பான பியுபியின் விதி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாலைக்கடியில் மீன் போகும் வழியை அடைத்த குழாய்களை மாற்றச் சொன்ன தீர்ப்பு 2018-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைத்தது. அங்கே சால்மனுக்கு விலை உண்டு. நம் மீனுக்கு இல்லை, அதனால் கேட்க ஆளில்லை.

"ஊழியர்களைக் குறை சொல்கிறாயே" என்றார் இன்னொருவர். இது ரொம்ப வலித்தது. அங்கே வேலை செய்த புதுக்கோட்டைத் தம்பியிடம்தான் பேசினேன். "அண்ணே, மண்ணத் தடுக்குற திரை இன்னும் வரல, வேலைய ஆரம்பிங்கன்னுட்டாங்க" என்றார். அவரையா குறை சொல்வேன்? என் அப்பாவும் லோங்காங் வாரியவர்தான். மண்வெட்டியைத் தூக்கும் முன் கீழ்முனையில் சாக்கு மூட்டை அடுக்குவார். "இங்க வார்ற மண்ணு அங்க போய் உக்காந்தா அதையும் யாரோ வாரணும்ல" என்பார். எந்தச் சட்டமும் படிக்காதவர். படித்தவர்களுக்கு இது ஏன் தோன்றவில்லை?

பாட்டில் இன்னும் சமையலறை மேடையில்தான் இருக்கிறது. அம்மா இரண்டு தடவை கொட்டப் போனார். விடவில்லை. புகாரோடு அதன் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.