சோம்பால் வந்த வினை

ஒரு சோம்புக்காக இத்தனை பெரிய பஞ்சாயத்து கூடும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் அம்மா வீட்டில் இருந்தபோது என் கணவர் அஞ்சறைப் பெட்டியைப் படம் பிடித்து, சீரகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'சோம்பு இதுவா?' என்று அனுப்பினாரே, அதைப் பற்றித்தான் ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் தீர்ப்பு வந்துவிட்டது: 'கட்டின புருஷனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள்.'

மனைவியை வைத்துச் சிரித்தால் நகைச்சுவை. கணவனை வைத்துச் சிரித்தால் குடும்ப மானம். அப்படித்தானே?

'பெண்டாட்டி ஊருக்குப் போன நாளே சுதந்திர தினம்' என்று இதே குழுவில் ஃபார்வர்டு போட்டவர் யார்? காலை வணக்கம் ரோஜாப்பூவுக்கு அடுத்து வந்ததே அதுதான். பூரிக்கட்டையோடு நிற்கும் மனைவி இல்லாத தீபாவளி மலர் உண்டா? பண்டிகை நாள் பட்டிமன்றத்தில் வீட்டம்மாவை வைத்து நாலு ஜோக்கு சொல்லாமல் எந்தப் பேச்சாளராவது இறங்குகிறாரா? முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவதும் நாம்தான். அப்போதெல்லாம் யாருடைய மானமும் போகவில்லை.

என் கணவருடைய பெரியப்பா, வள்ளுவரின் மனைவி வாசுகி அம்மையாரையே குழுவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கணவர் கூப்பிட்டதும் கிணற்றுக் கயிற்றை விட்டுவிட்டு ஓடினாராம், வாளி அந்தரத்திலேயே நின்றதாம். நல்லது மாமா. நான் அடுப்பை அணைக்காமல் ஓடினால் பால் அந்தரத்தில் நிற்காது. அப்புறம், அந்த வள்ளுவரே 132ஆவது அதிகாரமாகப் புலவி நுணுக்கம் எழுதியிருக்கிறார். கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், உடனே 'யார் நினைத்துத் தும்மினீர்?' என்று அழுகிறாள். வம்பே வேண்டாம் என்று அடுத்த குறளில் தும்மலை அடக்குகிறான். 'உங்களவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?' என்று அதற்கும் அழுகை. வீட்டுக்குள் நடப்பதை வைத்துச் சிரிப்பது நம் மரபில்லை என்றால் இதெல்லாம் என்ன? அங்கேயும் சிரிப்புக்கு மாட்டிக்கொள்வது மனைவிதான், அது வேறு விஷயம்.

'அவர் உன்னைப் பற்றி இப்படி எழுதினால் சும்மா இருப்பாயா?' என்று குழுவில் ஒரு கேள்வி. எழுதட்டுமே! நான் ஸ்கூட்டியை ஸ்டாண்டு போடும் அழகைப் போகிற கல்யாண வீட்டிலெல்லாம் நடித்தே காட்டுகிறார். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

'புருஷன் பெண்டாட்டி விஷயம் நாலு சுவருக்குள் இருக்கணும்' என்று இன்னொரு மெசேஜ். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சோம்பு ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. அவ்வளவுதான் என் பதில்.

பெண் பார்க்க வந்த அன்று சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போடுவேன் என்பதுவரை என்னிடம் கேட்டார்கள். மாப்பிள்ளைக்குக் கடுகு எது, வெந்தயம் எது என்று தெரியுமா என எங்கப்பா கேட்டிருந்தால், பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் தினம் ராத்திரி போன் வரும். 'சாப்பிட்டியா?' சாப்பிட்டேன் என்றால் விடமாட்டார், என்ன சாப்பிட்டாய், எத்தனை தோசை, தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பார். இப்போது அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கேட்கிறேன். கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவளும் நான்தான். இதை மட்டும் எந்தப் பெரியப்பாவும் குழுவில் போடுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிவைப் போடும் முன் அவரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். 'சிவப்பு வட்டத்தை விட்டுடாதே, அதுதான் பஞ்ச்' என்று யோசனை வேறு சொன்னார். அவ்வளவு சிரித்தவர், 'என்கிட்ட காட்டிட்டுத்தான் போட்டா' என்று குழுவில் ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வாசுகி மெசேஜுக்குக் கீழே அவர் போட்டது ஒரு கும்பிடு. ஏன் என்று கேட்டால், 'பெரியவங்க, விடேன்.'

உங்களில் யாரும் இதற்காக அவரைத் திட்டி இங்கே எழுத வேண்டாம். அதை நான் ராத்திரி பார்த்துக்கொள்கிறேன்.