பீர் ஹுசைன் தர்கா: ஓட்டின் முதுகைப் பாருங்கள்

அஜர்பைஜானில் பீர்சாகத் ஆற்றங்கரையில், பழைய வணிகப் பாதையை ஒட்டி நிற்கிறது பீர் ஹுசைன் கான்காஹ், அதாவது சூஃபிகள் தங்கும் மடம். 13ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், அந்தப் பகுதியை ஆண்ட ஷிர்வான்ஷாக்கள் காலத்தது. சூஃபி ஷேக்கின் கப்ரு (கல்லறை) இருந்த அறையை ஒரு காலத்தில் ஈரானின் காஷான் நகரத்தில் செய்த பொன்னிற மினுமினுப்பு ஓடுகள் போர்த்தியிருந்தன. அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் ஒரு பங்கு, பாகுவில் ஒரு பங்கு, மீதி வேறெங்கெங்கோ. 1946இல் ரஷ்ய ஆய்வாளர் கிராச்கோவ்ஸ்கயா அவற்றை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார்.

அச்சு அசலாக ஓடு செய்து சுவரை மூடிவிட்டால் மரபு மீண்டுவிடும் என்று எங்கே யார் சொன்னாலும் எனக்கு உடன்பாடில்லை. மூடினால் மிச்சமிருக்கும் தடயமும் போகும்.

அந்த ஓடு லேசுப்பட்ட வேலையல்ல. காஷான் குயவர் குடும்பத்து அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்த அளவு: பொடித்த வெண்கல் (குவார்ட்ஸ்) பத்துப் பங்கு, கண்ணாடிப் பொடி ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. வெள்ளீயம் கலந்த வெண் மெருகு (கண்ணாடிப் பூச்சு) பூசி முதல் சூடு. பிறகு வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் கோலம் எழுதி, புகைமூட்டமான இளந்தீயில் மூன்று நாள். புகை குறைந்தால் பொன்னிறம் பிடிக்காது. சூடு மிஞ்சினால் மெருகு இளகிக் கோலம் கெடும். ஆறியதும் ஈர மண்ணால் தேய்த்தால்தான் மினுமினுப்பு வெளியே வரும்.

இதே காஷானிலிருந்துதான் ஈரானின் வராமீனில் உள்ள இமாம்சாதா யஹ்யாவுக்கும் 1262 வாக்கில் நட்சத்திர ஓடுகளும் சிலுவை ஓடுகளும் போயின. அந்த தர்காவையும் இப்படியே உரித்திருக்கிறார்கள். ஆக, வேதியியல் சோதனை எதைச் சொல்லும்? காஷான் என்று சொல்லும். எந்தச் சுவர் என்று சொல்லாது.

சுவரைச் சொல்வது முதுகுதான். பின்புறம் ஒட்டியிருக்கும் ஜிப்சம் சாந்தைச் சுவர்ச் சாந்தோடு ஒப்பிட வேண்டும். நான்கு ஓரத்திலும் தடிமன், விளிம்பு நீளம், கோணம் அளக்க வேண்டும். சுவரில் பக்கவாட்டில் விளக்கடித்தால் ஓடு பதிந்திருந்த தடம் தெரியும், அதையும் வரைந்துகொள்ளலாம். வியாபாரிகளோ படச்சட்டத்தில் அடங்க வேண்டுமென்று விளிம்பை வெட்டி, முதுகை மழித்து, சிமெண்டில் பதித்து விற்பார்கள். அப்படி வந்த ஓட்டுக்கு ஊர்ப்பெயர் போடும்போது கேள்விக்குறியும் சேர்த்துப் போடுவதே நேர்மை.

எழுத்துப் பட்டை ஓடுகள் கொஞ்சம் சுலபம். குர்ஆன் வசனம் தெரிந்த பாடம். ஒரு சொல் பாதியில் முறிந்து அடுத்த ஓட்டில் தொடர்ந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை. நடுவே எத்தனை காணோம் என்றும் கணக்கிடலாம். வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும் என்பதை மறந்தால் எல்லாம் தலைகீழ்.

முதலில் எல்லா அருங்காட்சியகங்களும் முதுகுப்புறப் படங்களை ஒரே பட்டியலில் போடட்டும். யாருடையது என்ற வழக்கு அதன் பிறகு. சுவரில் இடைவெளியை நிரப்பியே ஆக வேண்டுமென்றால் வெறும் வெள்ளை ஓடு போதும், பின்னால் செய்த ஆண்டைப் பொறித்து.