புயல் இரவிலாவது நம் ஊர் வானொலி நம் ஊரைப் பேசட்டும்

தனியார் பண்பலை என்றால் சினிமாப் பாட்டும் நகைக்கடை விளம்பரமும்தானே, அதற்கு என்ன வரலாறு என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னால் ஏற்க முடியவில்லை. புதுச்சேரியிலும் கடலூரிலும் வாழ்கிறவர்களுக்கு வணிக வானொலி ஒரு நாளும் வெறும் பாட்டுப் பெட்டியாக இருந்ததில்லை.

நம் கரைக்கு அது கடல் தாண்டித்தான் வந்தது. 1950 செப்டம்பர் 30 அன்று இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைக் கொழும்பில் தொடங்கியது. இந்தியாவிலோ 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கரின் காலத்தில் வானொலியிலிருந்து திரைப்பாட்டே ஏறக்குறைய விரட்டப்பட்டது. மக்கள் கொழும்பு பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பு அறிவிப்பாளர்களான அப்துல் ஹமீதின் உச்சரிப்பும் கே.எஸ்.ராஜாவின் வேகமும் நம் வீடுகளுக்குள் வந்தது அப்படித்தான். பிறந்தநாள் வாழ்த்தில் தங்கள் ஊர்ப் பெயர் வராதா என்று காத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆகாசவாணியின் திரைப்பாட்டுச் சேவையான விவித் பாரதி 1957-இல்தான் வந்தது. அதில் விளம்பரம் ஒலிக்க மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. புதுச்சேரிக்கென்று ஆகாசவாணி நிலையம் அமைந்ததும் அதே 1967-இல்தான்.

தனியாருக்குக் கதவு திறந்ததற்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அடிப்படை. அலைவரிசை பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அன்று என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் முதல் கட்ட ஏலத்தில் நிலையங்கள் கட்ட வேண்டிய உரிமக் கட்டணம் ஆண்டுதோறும் 15 விழுக்காடு ஏறியது. பெருநகரங்களிலேயே பலர் திணறினார்கள். 2005-இல் வந்த இரண்டாம் கட்டக் கொள்கை அந்தக் கணக்கை மாற்றி, வருவாயில் 4 விழுக்காடு கொடுத்தால் போதும் என்றது. புதுச்சேரி போன்ற நடுத்தர நகரத்துக்குத் தனியார் வானொலி வந்தது இந்த ஒரு மாற்றத்தால். சூரியன், ஹலோ, பிக் என்று அடுத்தடுத்து வந்து, ஆகாசவாணியின் ரெயின்போ 102.8-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன. கடலூருக்கெனத் தனியார் நிலையம் கிடையாது. புதுச்சேரிக் கோபுரத்தின் அலைதான் பெண்ணையாற்றையும் கெடிலத்தையும் தாண்டி மஞ்சக்குப்பத்துக்கும் முதுநகருக்கும் வருகிறது.

அந்த முதல் சில ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். நாளிதழில் கால் பக்கம் வாங்க முடியாத ஜவுளிக்கடைக்காரர் பத்து நொடி விளம்பரம் வாங்கினார். அறிவிப்பாளர்கள் முத்தியால்பேட்டையையும் அரியாங்குப்பத்தையும் நெல்லிக்குப்பத்தையும் பேர் சொல்லி அழைத்தார்கள். வீராம்பட்டினம் தேர் என்றைக்கு, மாசி மகத்துக்கு எந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள் என்பதெல்லாம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே காதில் விழுந்தது. தொலைபேசியில் வந்தவரிடம் "எந்தத் தெரு?" என்று கேட்ட அறிவிப்பாளருக்கு அந்தத் தெரு தெரிந்திருந்தது. பஸ் ஓட்டுநருக்கும் சலூன்காரருக்கும் தையற்கடைக்காரருக்கும் பகல் முழுக்க அதுதான் துணை.

பிறகு அந்தக் குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை இணைத்து ஒலிபரப்பலாம் என்ற சலுகை முதலில் சிறிய நகரங்களுக்கு மட்டும் இருந்தது. 2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கை அதை நாடு முழுவதற்கும் விரித்தது. செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகம் வேறென்ன செய்யும்? ஒரு பெருநகரக் கலையகத்தில் ஒருவர் பேசினால் பத்து ஊருக்குப் போதும் என்றாயிற்று. நிலையத்தின் பெயர்ப்பலகை நம் ஊரில் இருக்கிறது, பேச்சு வேறு ஊரிலிருந்து வருகிறது.

இதன் விலையை நாங்கள் 2024-இல் கொடுத்தோம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் செத்துவிட்டது. வீட்டில் மிஞ்சியது பேட்டரி வானொலி ஒன்றுதான். ஒரு தனியார் நிலையத்தைத் திருப்பினேன். காதல் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, நடுவே யாரோ வேறொரு நகரத்தின் போக்குவரத்து நெரிசலைப் பற்றிச் சிரித்துப் பேசினார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரக் கடலூர்க் கிராமங்கள் மூழ்கின. அந்த நேரத்தில் தண்ணீர் எந்த ஊர் வரை வந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு குரலுக்கு ஈடு ஏதும் இல்லை.

தனியார் வானொலி செய்தி சொல்லக் கூடாதே என்பார்கள். உண்மைதான், ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்ய மட்டுமே அனுமதி. ஆனால் வானிலை, இயற்கைச் சீற்றம், மின்சாரம், குடிநீர், போக்குவரத்து பற்றிய அறிவிப்புகள் செய்தி ஆகாது என்று அதே மூன்றாம் கட்டக் கொள்கை தெளிவாகச் சொல்கிறது. அன்று தடுத்தது சட்டம் அன்று. உள்ளூர்க் கலையகத்தில் ஒலிவாங்கி முன் உட்கார ஆள் இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

முடியாத காரியமும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூரில் 'பேரிடர் 107.8' என்ற அவசரகால வானொலி இயங்கியது. வெள்ளம் சூழ்ந்த மாவட்டத்தில் புதிதாக ஒரு வானொலியையே தொடங்க முடிந்ததென்றால், கோபுரமும் கலையகமும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு என்ன தடை?

வருமானம் இல்லை என்று நிலையங்கள் சொல்வதை நான் பொய் என்று சொல்லவில்லை. விளம்பரம் இணையத்துக்குப் போய்விட்டது. பல புதிய கைப்பேசிகளில் பண்பலையே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி 2023-இல் ஒன்றிய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் பண்பலைகளை மணிக்குப் பத்து நிமிடம் செய்தி ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். உள்ளூர்ச் செய்தி கேட்க ஆள் சேர்ந்தால் உள்ளூர் விளம்பரமும் கூடவே வரும். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் தலைநகரக் கலையகத்திலிருந்தே வருமானால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

உரிமத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால், அது இறக்கப்படும் வரை இங்குள்ள ஒவ்வொரு தனியார் நிலையமும் இணைப்பு ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இங்கிருந்தே பேச வேண்டும். ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையுடன் நேரடித் தொலைபேசித் தொடர்பும், ஜெனரேட்டருக்கு இரண்டு நாள் டீசலும், இரவில் கலையகத்திலேயே தங்க இரண்டு பேரும் இருந்தால் போதும்.

புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் சாலையிலும் கடை வைத்திருக்கும் நண்பர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தீபாவளி, பொங்கல் விளம்பரத்துக்கு நிலையத்தின் விற்பனைப் பிரதிநிதி வரும்போது கட்டணத்தைப் பேசுவதற்கு முன், புயல் இரவில் உங்கள் கலையகத்தில் யார் இருப்பார் என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு காசோலையில் கையெழுத்துப் போடுங்கள்.