ஈஸ்டர் தீவு மக்கள் மறைந்துபோகவில்லை

“ஈஸ்டர் தீவின் ராட்சதச் சிலைகளைச் செய்தவர்கள் யாரென்று தெரியாது, அந்த இனமே மர்மமாக மறைந்துவிட்டது” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

பசிபிக் பெருங்கடலில் உள்ள அந்தத் தீவின் சிலைகளைச் செதுக்கியவர்கள், அக்கடலின் தீவுகளில் வாழும் பாலினேசிய இனத்தைச் சேர்ந்த ராப்பா நூயி மக்கள். தீவிலுள்ள ரானோ ராராக்கு எரிமலைச் சரிவில், முகமும் வயிறும் செதுக்கி முடிந்து, முதுகு மட்டும் பாறையோடு ஒட்டியபடி இன்றும் பல சிலைகள் கிடக்கின்றன. செதுக்கிய கல் உளிகளும் அங்கேயே கிடைத்துள்ளன. இதில் மர்மத்துக்கு இடமே இல்லை.

அந்த மக்களுக்கு நேர்ந்தது கொடுமை. 1862-63-இல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் சுமார் 1,500 பேரைக் கடத்தின. திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் எஞ்சியவர்கள் 111 பேர். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று சிலி நாட்டின் குடிமக்களாக, தங்கள் மொழியோடும் நிலவுரிமைப் போராட்டத்தோடும் வாழ்கிறார்கள். உயிரோடிருப்பவர்களை அழிந்தவர்கள் என்பது அந்த உரிமைக் குரலையே மறைக்கிறது.

யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் இணையதளத்தில் அந்தத் தீவிலுள்ள ராப்பா நூயி தேசியப் பூங்கா பற்றிய பக்கத்திலேயே சிலைகளைச் செய்தவர்கள் யாரென்று பார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.