20 டாலர் அதிகமா?
கலிஃபோர்னியாவில் துரித உணவுக் கடை ஊழியர்களுக்கு மணிக்கு 20 டாலர் கொடுக்கச் சொன்னதால்தான் பர்கர் விலை ஏறிவிட்டது என்று இங்கே பலர் கோபப்படுகிறீர்கள். 2024 ஏப்ரல் 1 முதல் இருக்கிற சட்டம் அது, அதுவும் நாடு முழுக்கக் குறைந்தது 60 கிளைகளாவது வைத்திருக்கும் பெரிய கடைகளுக்கு மட்டும்தான். சரி, அந்த அடுப்படியில் நிற்பது யார்? லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பாருங்கள், மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்! கொதிக்கிற எண்ணெய் கையில் தெறிக்க எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, அப்புறம் இன்னொரு கடைக்கு ஷிப்டுக்கு ஓடி, அதில் மிச்சம் பிடித்து ஊருக்கும் பணம் அனுப்பி, பிள்ளையையும் கல்லூரியில் சேர்த்துவிடப் பார்க்கிறார்கள். அங்கே வாடகை இருக்கிற இருப்பில் இந்தச் சம்பளம் கையைக் கடிக்காமல் இருந்தாலே பெரிது. பர்கருக்குக் கூடக் கொஞ்சம் காசு கொடுக்க எனக்கு முழுச் சம்மதம்.